குவாராமே ஊருக்கு நான் எழுதிக் கொடுத்த காகிதம்

1553ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள் முற்பகல், சாந்தா ஓலாயா நகரசபைக் கூடத்தில், அடிமைப் பத்திரங்களைச் சரிபார்க்க வந்திருக்கும் விசாரணை நீதிபதி முன்பாக, சிலுவையில் கை வைத்துச் சத்தியம் செய்த பின் சாட்சி சொன்னது. சாட்சி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது.

என் பெயர் ஹினேஸ். பிறந்த ஊர் ஸ்பெயின் நாட்டில் கஸோர்லா என்பதால் ஹினேஸ் தே கஸோர்லா என்று அழைப்பார்கள். தந்தை பெயர் ஆந்தோன், தோல் பதனிடுபவர், காலமாகிவிட்டார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு இருக்கலாம். சாந்தா ஓலாயாவில் தேவாலயத்துக்குப் பின்புறத் தெருவில் மனைவி லெயோனோருடன் குடியிருந்து வருகிறேன். பதினான்கு வருடங்களாக நகரசபை உறுப்பினராக இருக்கிறேன். இந்த வழக்கில் அடிமைகளின் சொந்தக்காரரான மெல்சோர் தே உபியெர்னாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தரப்புச் சாட்சியாகத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்லப் போவது அவருக்கு உதவாது. எனக்கும் உதவாது.

நான் இருபத்தாறு வயதில் கப்பல் ஏறி இந்தக் கரைக்கு வந்தேன். கப்பலில் நாவிதர் ஒருவர் இருந்தார். என்னுடைய புதுச் செருப்பு ஜோடு ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் எனக்கு ஒரு கையெழுத்து போடக் கற்றுக் கொடுத்தார். மூன்று சுழி, ஒரு வால். அது எந்தப் பெயருக்கும் உரிய எழுத்து அல்ல, வெறும் கோலம். கையெழுத்துப் போடுகிறவனை நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்து அதிகாரிகள் மரியாதையாக நடத்துவார்கள் என்று அவர் சொன்னார். கப்பல் பலகையில் கரித்துண்டால் போட்டுப் போட்டுப் பழகினேன். கரை இறங்கிப் படைப் பட்டியலில் பெயர் பதிந்தபோது மற்றவர்கள் கீறல் போட்டார்கள், நான் மூன்று சுழியும் வாலும் போட்டேன். பக்கத்தில் நின்ற பெரிக்கோ என்ற சிப்பாய் வாயைப் பிளந்தான்.

"ஏன்டா, தோலு நாத்தம் இன்னும் போகல, ராஜா வீட்டுப் பிள்ள மாதிரி கையெழுத்துப் போடுற?"

எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அதன் பிறகு 1532ஆம் ஆண்டு, கேப்டன் லோப்பே தே அர்ரியாகாவின் படையில் சேர்ந்து பெரிய ஆற்றின் மேல்பகுதியைக் கண்டறியப் புறப்பட்டேன். நூற்றுப்பத்துப் பேர் போனோம். அந்த ஆற்றில் துடுப்பு செல்லாது, கரையில் இறங்கி நடந்து, படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். நான்கு மாதம் இழுத்தோம். கயிறு உரசி உரசி என் இடது தோளில் தோல் நிற்கவில்லை, புழு வைத்தது. எனக்கு முன்னால் பெரிக்கோ இழுப்பான், அவன் முதுகைத் தவிர அந்த நாட்களில் நான் வேறு எதையும் பார்த்த நினைவு இல்லை. படையின் எழுத்தர் மட்டும் கயிறு தொட வேண்டியதில்லை, காவலும் நிற்க வேண்டியதில்லை. ஓடத்தில் உட்கார்ந்துகொண்டு வருவார். புது இடம் வந்தால் கேப்டன் வாளால் ஒரு கிளையை வெட்டி, ஆற்றுத் தண்ணீரை அள்ளித் தெளித்து, இந்த மண் மன்னருடையது என்று அறிவிப்பார். எழுத்தர் அதை எழுதி வைப்பார். எழுதாவிட்டால் எவ்வளவு தூரம் போனாலும் போனதாகக் கணக்கில்லை.

அந்த எழுத்தர் காய்ச்சலில் இறந்துபோனார். அவரைப் புதைத்த அன்று பிற்பகலில் கேப்டன் எல்லோரையும் கூட்டி, யாருக்கு எழுதத் தெரியும் என்று கேட்டார். கேப்டனுக்கு எழுத்து தெரியாது, அவர் சிலுவைக் குறிதான் போடுவார். உடன் வந்த பாதிரியார் முன்பே ஆற்றின் கீழ்ப்பகுதியில் நாங்கள் விட்டுவந்த பெரிய படகுகளோடு தங்கிவிட்டார். யாரும் முன்வரவில்லை. அப்போது பெரிக்கோ என்னைக் கையால் காட்டினான்.

"கேப்டன் ஐயா, நம்ம ஹினேஸ் இருக்கானே! பட்டியல்ல அவன் போட்ட கையெழுத்தைப் பாத்தீங்கன்னா, அதுக்கே தனியா ஒரு குதிர குடுக்கலாம்."

கேப்டன் என்னிடம், "எழுதுவியாடா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் தோள் அப்போது நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதனால் "எழுதுவேன் ஐயா" என்றேன். கயிற்றிலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னேன், வேறு காரணம் எதுவும் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அதன் பிறகு நான் ஓடத்தில் உட்கார்ந்து சென்றேன். கேப்டன் கிளையை வெட்டும்போதெல்லாம் நான் எழுத்தரின் புத்தகத்தை மடியில் விரித்து, இறகை மையில் தோய்த்து, இடமிருந்து வலமாக வளைத்து வளைத்துக் கோடு இழுத்தேன். நடு நடுவே இறகைத் தூக்கினால் சொற்கள் போலத் தெரியும் என்று கண்டுகொண்டேன். பதினொரு இடங்களை மன்னருக்குச் சொந்தமாக்கி இப்படி எழுதினேன். பெரிக்கோ கயிற்றோடு கரையில் நடந்துகொண்டே, "எழுதுடா எழுது, என் பேரையும் எங்கயாவது சேத்து எழுது" என்று கத்துவான். எழுதியாச்சு என்று நானும் கத்துவேன். அவன் சந்தோஷமாக இழுப்பான்.

அதன் பிறகு கேப்டனுக்கு வலது கையில் அம்பு பட்டது. கை வீங்கிக் கறுத்தது. அப்போது நாங்கள் முப்பத்தெட்டுப் பேர்தான் மிஞ்சியிருந்தோம், சேணத்தோலைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நிலையில் குவாராமே என்ற ஊர் வந்தது. அறுபது எழுபது வீடுகள். அந்த ஊர்க்காரர்கள் நினைத்திருந்தால் எங்களைக் கம்பால் அடித்தே கொன்றிருக்கலாம். அவர்கள் மரவள்ளி அடையும் சுட்ட மீனும் கொண்டுவந்து வைத்தார்கள். ஊர்த் தலைவர் பெயர் பிச்சாகே. குட்டையான மனிதர், ஒரு காது சற்றே மடங்கியிருக்கும். கேப்டனின் கையில் பச்சிலை வைத்துக் கட்டியது அவர் மனைவி. என் தோளில் கட்டியதும் அவர்தான். நாற்பது நாட்கள் அங்கே சாப்பிட்டோம். அதற்குள் அவர்கள் பாஷையை நான் பழகிக்கொண்டேன்.

புறப்படும் நாள் காலையில் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். பின்னால் எந்தப் படை வந்தாலும் இந்த ஊரைத் தொடாமலிருக்க ஓர் அபயக் கடிதம் எழுது என்று சொன்னார். அப்படிக் கொடுப்பது எங்கள் படைகளில் எல்லாக் கேப்டன்களும் செய்கிற வழக்கம்தான். வரும் படைக்கு அந்தக் காகிதத்தைக் காட்டினால், அது சமாதான ஊர், விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேப்டன் சொன்ன வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம். சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

"இந்தக் குவாராமே ஊராரும் தலைவர் பிச்சாகேயும் சமாதானமானவர்கள். பசியால் சாகக் கிடந்த எங்களுக்கு நாற்பது நாட்கள் சோறு போட்டவர்கள். இவர்கள் மேல் கை வைக்கிறவன் மன்னரின் அபயத்தின் மேல் கை வைக்கிறான். நான், கேப்டன் லோப்பே தே அர்ரியாகா, இதைச் சொல்லி எழுதச் செய்தேன்."

அவர் சொல்லச் சொல்ல நான் பதினேழு வரி கோடு இழுத்தேன். கேப்டன் இடது கையால் கீழே சிலுவைக் குறி போட்டார். எழுத்தர் என்ற முறையில் அதன் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மற்றப் பக்கங்களில் எல்லாம் மூன்று சுழியும் வாலும் போட்டேன். இந்தக் காகிதத்தில் மட்டும் போடவில்லை. சும்மா ஒரு கீறல் கீறி விட்டுவிட்டேன். ஏன் என்று நீதிபதி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இது மற்ற காகிதங்கள் போல இல்லை, இதை ஒருநாள் யாராவது படிக்க முயல்வார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

பிச்சாகே காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இல்லாதப்பவும் இது பேசுமா?" என்று கேட்டார். பேசும் என்று சொன்னேன். அதைச் சுருட்டி ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு, மெழுகால் வாயை மூடினார். அப்போது அவர் மகள், பத்து வயதிருக்கும், குடுக்கையைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு திரும்பும் வழியில் கேப்டன் இறந்தார். ஆறு பாறைகளில் மோதி இறங்கும் ஒரு பாய்ச்சலில் ஓடம் கவிழ்ந்தது. பெரிக்கோ அதில் மூழ்கிப் போனான். எழுத்தரின் புத்தகம் என் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என்னால் நீந்த முடிந்திருக்கும். நான் விட்டுவிட்டேன். கரையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து அழுதேன், பெரிக்கோவுக்காகத்தான் அழுதேன், ஆனால் புத்தகம் போன நிம்மதியும் அந்த அழுகைக்குள் இருந்தது. கடைசியில் ஒன்பது பேர் கடற்கரை வந்து சேர்ந்தோம். ஆற்றின் தலைப்பகுதியைக் கண்டவர், படையின் எழுத்தர் என்று எனக்குப் பெயர் கிடைத்தது. சில வருடம் கழித்து நகரசபையில் இடம் கிடைத்ததும் அந்தப் பெயரால்தான்.

(சாட்சி இந்த இடத்தில் தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது.)

1534ஆம் ஆண்டு மெல்சோர் தே உபியெர்னா தன் படையோடு அதே ஆற்றில் ஏறினார். புறப்படும் முன் என்னிடம் வழி கேட்டார். எங்கே பாய்ச்சல், எங்கே உணவு கிடைக்கும் என்று சொன்னேன். குவாராமே ஊரைப் பற்றியும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், எனக்கு வாய் அடங்கவில்லை. "அவங்ககிட்ட என் கையால எழுதின கடிதம் இருக்கு, எடுத்துக் காட்டுவாங்க, பாருங்க" என்றேன்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் உபியெர்னா அந்த ஊரில் எந்தக் கடிதத்தையும் எதிர்பார்த்திருக்க மாட்டார். சொன்னதால் எதிர்பார்த்துப் போனார். படையைப் பார்த்ததும் பிச்சாகே தாமாகவே முன்னால் வந்து, குடுக்கையை உடைத்து, காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாராம். உபியெர்னாவின் எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஓர் எழுத்துகூட இல்லை என்று சொன்னாராம். உண்மையான கடிதத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, அல்லது அதைக் கொண்டுவந்த கிறிஸ்தவன் எவனையோ கொன்றுவிட்டு, இவர்களாகவே கிறுக்கி ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். பிச்சாகே காகிதத்தைத் திரும்ப வாங்கி மறுபடியும் தூக்கிக் காட்டினாராம். அப்போது ஈட்டியால் குத்தினார்கள். அறுபத்து மூன்று பேரைக் கழுத்தில் கயிறு கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். இதை எனக்குச் சொன்னது உபியெர்னாவே. அவர் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஜோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

அவர்களுக்கு முகத்தில் மன்னரின் முத்திரைச் சூடு போட வேண்டுமானால், அவர்கள் துரோகிகள் என்று ஒரு சாட்சி வேண்டும். அதற்காக இதே நகரசபைக் கூடத்தில் அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினார்கள். அதன் ஓரத்தில் பழுப்பாகக் கறை இருந்தது.

"ஹினேஸ் அண்ணே, இது உங்க எழுத்தா? கோழி கெளறின மாதிரி இருக்கே!" என்று உபியெர்னா கேட்டார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்துவிட்டு, "என் எழுத்து இப்படியா இருக்கும்?" என்றேன்.

அதன் பிறகு அது நான் எழுதிய கடிதம் அல்ல என்று சத்தியம் செய்து, என் மூன்று சுழியையும் வாலையும் போட்டேன். முற்றத்தில் அறுபத்து மூன்று பேரும் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். நான் வெளியே வந்தபோது பிச்சாகேயின் மகள், அந்தப் பெண்பிள்ளை, என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். காகிதம் எழுதிக் கொடுத்தவர் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தன் ஆட்களிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பாஷை அப்போது எனக்கு நன்றாகவே புரியும். நான் வேகமாகத் தெருவுக்கு வந்துவிட்டேன். சூடு போடும்போது நான் அங்கே இல்லை.

அதன் பிறகு பத்தொன்பது வருடங்கள் நான் மரியாதையாக வாழ்ந்தேன். உப்பு ஏரிக்கும் கிழக்கு மலைக் கணவாய்க்கும் வழி கண்டவன் என்று என்னைச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆற்று வெயிலில் கண் கெட்டுவிட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். சபையின் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோவேன், மனைவி படிப்பாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அவள் கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஒருமுறை நான் கண்ணாடி வாங்கப் போகிறேன் என்றபோது, "என்னங்க, அதைத் தலைகீழா மாட்டிக்காம இருந்தாச் சரி" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

நீதிபதி கேள்வி: அப்படியானால் இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறீர்?

பதில்: அநியாயமாகப் பிடிக்கப்பட்ட அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற புதுச் சட்டத்தின்படி, குவாராமே ஆட்களில் உயிரோடு இருக்கும் இருபத்தேழு பேர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மனுவில் முதல் பெயர் ஒயாமா. ஞானஸ்நானப் பெயர் காத்தலீனா. குடுக்கையைக் காதில் வைத்துக் கேட்ட பெண் அவள்தான். உபியெர்னாவின் ஓடையில் தங்கத்துக்காக மண் அலசிக்கொண்டிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்த ஹினேஸ் இப்படி ஒரு கிறுக்கலை எழுதியிருக்கவே மாட்டார் என்பதுதான் உபியெர்னாவின் முழு வாதமும். என் பெயரை வைத்துத்தான் அவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒயாமா என் வாசலில் நின்றாள். கன்னத்தில் அந்தச் சூட்டு முத்திரை. என் மேல் கோபமாக வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் மார்புத் துணிக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவள் தந்தையின் கையிலிருந்து விழுந்த அதே காகிதம், பிறகு இந்தக் கூடத்திலிருந்து குப்பையாக வீசப்பட்டபோது அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள்.

"பெரியவரே, இத நீங்க ஒருதரம் எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

நான் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கேப்டன் சொன்னதை மனப்பாடமாகச் சொன்னேன். பார்வையை வரி வரியாக ஓட்டினேன். அந்த நேரத்திலும் அந்த நடிப்பை என்னால் விட முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தெரியும் பெரியவரே. காகிதம் சரியாத்தான் பேசியிருக்கு. அன்னைக்கு வந்தவங்களுக்குத்தான் படிக்கத் தெரியல. பாவம், அவங்க என்ன செய்வாங்க? உங்களுக்கு மட்டுந்தான் தெரியுது. நீதிபதி ஐயா முன்னாடி வந்து இதே மாதிரி படிச்சுடுங்க, போதும்."

வருகிறேன் என்றேன். அவள் போன பிறகு நான் சாப்பிடவில்லை. இன்று காலை மனைவி என் மேலங்கியை எடுத்துக் கொடுத்து, "இத்தனை வருஷமா நான் படிச்சேன், நீங்க தலையாட்டுனீங்க. இன்னைக்கு நீங்களே பேசிட்டு வாங்க" என்றாள்.

அதனால் சொல்கிறேன். ஒயாமா கொடுத்து இப்போது நீதிபதியின் கையில் இருக்கும் காகிதம் கேப்டன் அர்ரியாகா குவாராமே ஊருக்குக் கொடுத்த அபயக் கடிதம்தான். அந்தச் சிலுவைக் குறி அவருடையது. கிறுக்கல் என்னுடையது. 1534ஆம் ஆண்டு நான் செய்த சத்தியம் பொய்.

இதன் பின் நீதிபதி, நான் உண்மையிலேயே எழுத்தறியாதவன்தானா என்று நிச்சயம் செய்துகொள்ள, ஒரு வெற்றுத் தாளும் இறகும் கொடுத்து, அன்று எழுதியது போலவே எழுதச் சொன்னார். நான் கேப்டனின் வாசகத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, எல்லோரும் பார்க்க, பதினேழு வரி இழுத்தேன். எழுத்தர் இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். வளைவுகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றார். உபியெர்னா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒயாமா கூடத்தில்தான் இருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். புதிய தாளில் மை இன்னும் காயவில்லை, அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"அப்போ எங்கப்பா எதத் தூக்கிக் காட்டினாரு?"

 என்ன எழுதுவது என்று எழுத்தர் என்னைக் கேட்டார். சாட்சியிடம் பதில் இல்லை என்று எழுதச் சொன்னேன்.

மேலே சொன்னதெல்லாம் நான் செய்த சத்தியத்துக்கு உட்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நானே சொன்னவை. இதுவரை என் பெயரில் உள்ள எல்லாப் பத்திரங்களின் கடைசியிலும் "படித்துப் பார்த்தேன், சரி" என்று இருக்கும். இதில் அப்படி எழுத வேண்டாம். எழுத்தர் உரக்கப் படித்தார். படிக்கக் கேட்டேன், சரி.

கையெழுத்துப் போடச் சொன்னபோது பழக்கத்தில் என் கை முதல் சுழியைத் தொடங்கிவிட்டது. அதை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

சாட்சிக்கு எழுதத் தெரியாததால், அவர் இட்ட குறி:

+

ஹினேஸ் தே கஸோர்லா

அடித்தல் ஒன்று. என் முன்னிலையில் — எழுத்தர்.